அப்பா ஓட்டலாமா? எந்தச் சாலையில்?

கேள்வி: என் அப்பாவுக்கு 77 வயது. 50 வருடமாகக் கார் ஓட்டுகிறார். அம்மாவுக்கு 73, அவருக்கு ஓட்டத் தெரியாது, மூட்டு வலியால் அதிக தூரம் நடக்கவும் முடியாது. இருவரும் கிராமத்தில் தனியாக இருக்கிறார்கள். மருத்துவமனை, வங்கி எல்லாம் 18 கிலோமீட்டர் தள்ளி. பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நான் நகரத்தின் நடுவில் இருக்கிறேன், அண்ணன் புறநகரில். மூன்று மாதம் முன்பு என் வீட்டுக்கு வந்திருந்த அப்பா, சிக்னலில் திரும்பும்போது ஒரு ஸ்கூட்டரை உரசிவிட்டார். யாருக்கும் அடியில்லை. போன மாதம் சொந்த வீட்டுக் கேட் தூணில் காரின் இடது பக்கத்தைத் தேய்த்துவிட்டார். இப்போதெல்லாம் ஓட்டும்போது ரேடியோவை அணைத்துவிடுகிறார் என்று அம்மா சொன்னார். 'காரை விற்றுவிட்டு இருவரும் என்னோடு வந்துவிடட்டும்' என்கிறார் அண்ணன். 'உங்கள் ஊர்ச் சாலைதான் எனக்குச் சரிப்படாது, என் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன்' என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி? எந்த வயதில் நிறுத்த வேண்டும்?

பதில் (முதியோர் நல மருத்துவர்):

உங்கள் அப்பா சொல்வது பாதி சரி. அண்ணன் சொல்வதும் பாதி சரி. இரண்டு பாதியையும் சேர்த்தால் முழு விடை வந்துவிடும் என்றால் நான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்காது.

முதலில் வயதுக் கணக்கை முடித்துவிடுகிறேன். இந்த வயதோடு நிறுத்திவிட வேண்டும் என்று மருத்துவத்தில் ஓர் எண் கிடையாது. 68 வயதுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். 84 வயதுக்காரருக்குத் 'தாராளமாக ஓட்டலாம்' என்று எழுதிக் கொடுத்தும் இருக்கிறேன். சில நாடுகளின் சட்டம் ஒரு வயதைக் குறிப்பிடுகிறது. பிரிட்டனில் 70 வயதில் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், அதன் பிறகு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை. ஜப்பானில் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் புதுப்பிக்கும்போது அறிவாற்றல் சோதனைக்கு உட்கார வேண்டும். 'இந்த வயதிலிருந்து கவனித்துப் பாருங்கள்' என்பதுதான் அவற்றின் பொருள். உங்கள் பகுதியின் உரிம விதி என்ன என்று விசாரித்து அதன்படி நடந்துகொள்ளுங்கள். ஆனால் அந்த விதி உங்கள் வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைக்காது.

ஆகவே உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். 'அப்பா ஓட்டலாமா' என்று மட்டும் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எந்தச் சாலையில், எந்த நேரத்தில், எதற்காக என்று கேட்டால் ஓரளவு சொல்ல முடியும். மனிதர் ஒருவர்தான். ஆனால் நகரத்துச் சந்திப்பு அவருடைய கழுத்தையும் கவனத்தையும் சோதிக்கிறது. கிராமத்து இரவு அவருடைய கண்ணைச் சோதிக்கிறது. ஓரிடத்தில் தேறியவர் இன்னோரிடத்திலும் தேறுவார் என்று சொல்ல முடியாது.

நகரத்தில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். இளைஞர்கள் பெரும்பாலும் வேகத்தில் கட்டுப்பாட்டை இழந்து மோதுகிறார்கள். வயதானவர்கள் மோதுவது சந்திப்புகளில். அதிலும் எதிரே வரும் வண்டிகளின் பாதையைக் குறுக்காகக் கடந்து திரும்பும் இடத்தில். ஏன் என்பதை நான் பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். புரிந்தது ஒரு பெரியவரின் காரில் பின்னிருக்கையில் உட்கார்ந்து போன நாளில்தான்.

சிக்னல் இல்லாத ஒரு சந்திப்பில் நின்றோம். அவர் வலது பக்கம் பார்த்தார். தூரத்தில் ஒரு பஸ். வேறு எதுவும் இல்லை. பிறகு இடது பக்கம் திரும்பினார். கழுத்து அவ்வளவு தூரம் திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தோளோடு சேர்த்து உடம்பையே திருப்பினார். பார்த்தார், நிதானித்தார், காலியாக இருக்கிறது என்று முடிவு செய்தார், மறுபடி நேராக உட்கார்ந்தார், வண்டியை நகர்த்தினார். வலது பக்கத்தை அவர் பார்த்து நான்கு விநாடியாவது ஆகியிருக்கும். அந்த நான்கு விநாடியில் பஸ்ஸின் பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வெளியே வந்துவிட்டது. நீண்ட ஹாரன். பெரியவர் பிரேக்கை அழுத்திவிட்டுச் சொன்னார்: "எங்கிருந்து வந்தான் இவன்?"

இந்த வாக்கியத்தை உங்கள் அப்பா வாயிலிருந்து கேட்டால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒரு முறை சொன்னால் பரவாயில்லை, எல்லோரும் சொல்கிறோம். ஒரே பயணத்தில் மூன்று முறை 'எங்கிருந்து வந்தான்' என்றால், வந்தவன் மேல் தவறில்லை.

கண் மருத்துவமனையில் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிட்டு வந்திருப்பார், அதனால் கண் நன்றாக இருக்கிறது என்பார். அந்தப் பலகை அசைவதில்லை. வெள்ளையில் கறுப்பு எழுத்து, நேர் எதிரே, வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளலாம். சாலை அப்படியா இருக்கிறது? ஒரு பார்வையில், தலையைத் திருப்பாமல், எவ்வளவு பரப்பில் நடப்பதை மூளை உள்வாங்கிக்கொள்கிறது என்பதுதான் ஓட்டுவதற்குத் தேவை. கார்லீன் பால், சிந்தியா ஔஸ்லி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1990களில் இந்தப் பரப்பை அளந்தார்கள். பலகையை நன்றாகப் படித்த முதியவர்களிலும் இந்தப் பரப்பு சுருங்கிப்போனவர்களே அதிகம் மோதியிருந்தார்கள்.

ரேடியோ விஷயம் இங்கேதான் வருகிறது. அவர் ரேடியோவை அணைக்கிறார் என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல செய்தியாகப் படுகிறது. முன்பு பாட்டு கேட்டுக்கொண்டே ஓட்ட முடிந்தது, இப்போது முடியவில்லை என்பதை அவர் கண்டுகொண்டுவிட்டார். யாரிடமும் சொல்லாமல் ஏற்பாடு செய்துகொண்டுவிட்டார். தன் குறையைத் தானே அறிந்தவரோடு பேச முடியும். ரேடியோவையும் போட்டுக்கொண்டு, போனிலும் பேசிக்கொண்டு, 'எனக்கு ஒன்றுமில்லை' என்பவரோடுதான் பேச முடியாது.

நகரத்தைப் பற்றி இதற்குமேல் நீட்ட வேண்டாம். அங்கே அவர் ஓட்டியே ஆக வேண்டிய அவசியம் என்ன? உங்களைப் பார்க்க வரும்போது வேறு வழியில் வரட்டும், அல்லது நகரத்தின் விளிம்பில் வண்டியை நிறுத்தட்டும், நீங்கள் போய் அழைத்து வாருங்கள். ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பாதையை மாற்றலாம். நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்திப்பில் வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று மோதக்கூடிய புள்ளிகள் 32. ஒற்றைத் தட ரவுண்டானாவில் அவை 8. ஒரு கிலோமீட்டர் சுற்றினாலும் ரவுண்டானா வழியாகப் போவது அவருக்கு லாபம்.

இனி கிராமம். 'கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன்' என்பதில் உள்ள உண்மை என்னவென்றால், தெரிந்த சாலையில் மூளைக்கு வேலை குறைவு. எங்கே வளைவு, எங்கே வேகத்தடை, எந்தக் குறுக்குச் சந்திலிருந்து டிராக்டர் வரும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் மனப்பாடத்தில் இல்லாத ஒன்று சாலையில் நின்றால்? விளக்கில்லாத டிரெய்லர், குறுக்கே போகும் மாடு, நேற்று வெட்டிய பள்ளம். நினைவிலிருந்து ஓட்டுகிறவருக்கு இவை கண்ணில் படச் சற்று அதிக நேரம் ஆகும்.

இரவானால் கதை வேறு. 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். 77இல் இன்னும் குறைவு. தெருவிளக்கில்லாத சாலையில் ஹெட்லைட்டைத் தாழ்த்தி ஓட்டும்போது இருண்ட நிற உடையில் நடப்பவர் 50, 60 மீட்டருக்குள் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிவார். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. பார்த்து, புரிந்து, காலை மாற்ற இரண்டு விநாடி என்றாலே 44 மீட்டர் போய்விட்டது. பிரேக் பிடித்து நிற்க இன்னும் 35 மீட்டர். கணக்கு இடிக்கிறது, இல்லையா? எதிரே ஒருவர் ஹெட்லைட்டை உயர்த்திக்கொண்டு வந்தால், கண் கூசி மறுபடி தெளிவதற்குள் கழியும் சில விநாடிகளை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

(இரவு ஓட்டத்துக்கென்று மஞ்சள் கண்ணாடி விற்கிறார்கள். வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். 2019இல் சோதித்துப் பார்த்ததில் அதனால் பாதசாரி தெளிவாகத் தெரியவில்லை. கொஞ்சநஞ்சம் வரும் வெளிச்சத்தையும் வடிகட்டும் கண்ணாடி எப்படி உதவும்?)

கிராமத்துச் சாலையில் இன்னொரு கண்ணி, முந்திச் செல்வது. எதிரே வரும் வண்டி எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்பதைக் கண் அதன் உருவம் பெரிதாகும் வேகத்தை வைத்துத்தான் ஊகிக்கிறது. அந்த ஊகம் வயதோடு மழுங்குகிறது. தூரத்தைச் சரியாகச் சொல்வார். வேகத்தைக் குறைத்து மதிப்பிடுவார். இருவழிச் சாலையில் டிராக்டரின் பின்னால் பொறுமையில்லாமல் போவதைவிட, அந்தப் பயணத்துக்கு அரை மணி முன்னதாகக் கிளம்புவது எளிது. அடிபட்டால் உதவி வந்து சேரவும் அங்கே நேரமாகும். அமெரிக்காவில் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குதான் கிராமப்புறத்தில் இருக்கிறது. சாலை மரணங்களிலோ ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அங்கே நடக்கிறது. 77 வயது எலும்பும் நுரையீரலும் அதே அடியை 30 வயது உடம்பு தாங்குவதுபோல் தாங்குவதில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. வயதான ஓட்டுநர்களின் மரண எண்ணிக்கை பெரிதாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் அவர்கள் அதிகம் மோதுவது அல்ல, மோதினால் பிழைப்பது கடினம் என்பது.

இப்போது அண்ணனின் யோசனைக்கு வருகிறேன். அன்பினால் சொல்கிறார் என்று தெரிகிறது. ஆனால் காரை விற்றுவிட்டுக் குடிபோவதற்குப் புறநகரைப்போல் பொருத்தமில்லாத இடம் வேறில்லை. பல புறநகர்கள் காரை வைத்தே கட்டப்பட்டவை. வீட்டிலிருந்து மருந்துக் கடைக்கு நேர்க்கோட்டில் 400 மீட்டர் இருக்கும். தெருக்கள் முட்டுச்சந்தாக முடிவதால் சுற்றிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும், அதில் பாதிக்கு நடைபாதை இருக்காது. நடுவே ஆறு தடச் சாலை. பாதசாரிக்கான பச்சை விளக்கு உங்கள் அம்மா பாதி கடப்பதற்குள் அணைந்துவிடும். கிராமத்திலாவது தெரிந்த நாலு பேர் கூப்பிட்ட குரலுக்கு வருவார்கள். புறநகரில் அண்ணனும் அண்ணியும் காலையில் வேலைக்குப் போனால் மாலை வரை இருவரும் நான்கு சுவருக்குள். ஐந்தாம் நாள் அப்பா அண்ணனின் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவார், பாருங்கள்.

அப்படிக் கிளம்பினால் அவருக்குப் பழக்கமே இல்லாத இரண்டு விஷயங்கள் காத்திருக்கும். ஒன்று, கிளைச் சாலையிலிருந்து விரைவுச் சாலையில் போய்ச் சேர்வது. பக்கக் கண்ணாடி, தோளுக்குப் பின் ஒரு பார்வை, இடைவெளியைக் கணித்து வேகமெடுப்பது எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். தயங்கி அந்த இடத்தில் நின்றுவிடுவதுதான் முதியவர்கள் செய்கிற பெரிய தவறு. இன்னொன்று, கார் நிறுத்துமிடங்கள். பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும் விபத்துகள் பல இப்படி மெதுவாக நகர்த்தும் இடங்களில்தான் நடக்கின்றன. உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா? இருந்தால் பாதத்தில் உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று பரிசோதியுங்கள். எந்தப் பெடல்மேல் கால் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து யாரும் ஓட்டுவதில்லை.

'சரி, ஊரிலேயே இருக்கட்டும், ஆனால் கொஞ்சமாக ஓட்டட்டும்' என்று சமாதானம் செய்துகொள்ளலாமா? அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நெதர்லாந்து ஓட்டுநர்களை வைத்து 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டருக்கும் குறைவாக ஓட்டும் முதியவர்களிடம்தான் கிலோமீட்டர் கணக்கில் விபத்து அதிகம் என்று காட்டியது. அதற்கு மேல் ஓட்டிய, 75 வயதைத் தாண்டியவர்கள் மற்ற வயதினரைவிட மோசமாக இல்லை. குறைவாக ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் சந்திப்பும் நெரிசலுமான உள்ளூர்ச் சாலைகளில் ஓட்டுகிறார்கள் என்பது ஒரு காரணம். உடம்பு முடியாதவர்களே குறைத்துக்கொள்கிறார்கள் என்பது இன்னொன்று. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வண்டியெடுப்பதால் மட்டுமே ஒருவர் பாதுகாப்பாகிவிடுவதில்லை. எந்த ஒரு நாள், எந்தச் சாலை என்பதுதான் கணக்கு.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது ஸ்கூட்டர் அல்ல, கேட் தூண். வருடக்கணக்காகத் தினமும் கடந்த தூண். இடது பக்கம் தேய்ந்தது என்கிறீர்கள். ஸ்கூட்டர் எந்தப் பக்கம் வந்தது என்று எழுதவில்லை. அதுவும் இடது பக்கம் என்றால் இந்த வாரமே கண் மருத்துவரிடம் போங்கள், 'பார்வைப் புலப் பரிசோதனை' வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கண் அழுத்த நோய் ஓரப் பார்வையைத் தின்னும்போது அங்கே கறுப்பாகத் தெரியாது. மூளை அக்கம்பக்கத்துக் காட்சியை வைத்து ஓட்டையை அடைத்துவிடும். சாலையும் வானமும் முழுதாகத் தெரியும், ஸ்கூட்டர் மட்டும் இருக்காது. அவருக்கே தெரியாமல் வந்துபோன ஒரு சிறு பக்கவாதமும் ஒரு பக்கத்தைக் கவனத்திலிருந்து அழித்துவிடலாம். ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப உரசல் என்றால் 'வயசாகிவிட்டது' என்று விட்டுவிடக் கூடாது.

அதே நாளில் கண்புரையையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அதைப் பற்றியதுதான். ஔஸ்லி குழுவினர் 2002இல் வெளியிட்டார்கள்: கண்புரை அறுவை செய்துகொண்டவர்களின் விபத்து விகிதம், செய்துகொள்ளாதவர்களுடையதில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. சாவியைப் பிடுங்குவதற்குப் பதிலாகக் கண்ணில் லென்ஸை மாற்றினால் போதும் என்ற நிலையில் எத்தனை அப்பாக்கள் வீட்டில் உட்காரவைக்கப்பட்டிருக்கிறார்களோ.

மருந்துப் பெட்டியையும் ஒரு முறை கொட்டிப் பாருங்கள். தூக்க மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் எடுக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரை, கடுமையான வலி நிவாரணி, சர்க்கரையை மிகவும் இறக்கிவிடக்கூடிய மாத்திரை அல்லது இன்சுலின், இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் 'இவர் கார் ஓட்டுகிறார்' என்று சொல்லிவிட்டு மறுபரிசீலனை கேளுங்கள். நாங்கள் கேட்க மறந்துவிடுகிறோம். எழுதும் பேனா எங்கள் கையில் இருந்தாலும், நோயாளி எதில் வந்து இறங்கினார் என்பதை நாங்கள் பார்ப்பதில்லை.

இனி என் வீட்டுக் கதை ஒன்று. இந்தத் தொழிலில் பத்து வருடம் ஆன பிறகும் என் அப்பா விஷயத்தில் உங்கள் அண்ணன் சொன்னதைத்தான் நான் செய்தேன். சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். பரிசோதனை கிடையாது, பேச்சு கிடையாது. பதினொரு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு சாயங்கால வெளிச்சத்தில் நெடுஞ்சாலையில் போனார். விழுந்து மணிக்கட்டு முறிந்தது. காரில் இருந்தவரைவிடச் சைக்கிளில் போனவர் பாதுகாப்பானவர் என்று நான் எப்படி நினைத்தேன்?

இது என் வீட்டோடு போகிற விஷயமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பின்லாந்தில் 70 வயதுக்குப் பின் மருத்துவச் சான்று காட்டித்தான் உரிமம் புதுப்பிக்க வேண்டும். பக்கத்து நாடான ஸ்வீடனில் அப்படி எதுவும் இல்லை. 1996இல் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வயதான ஓட்டுநர்களின் விபத்தில் வித்தியாசம் இல்லை. காருக்கு வெளியே, சாலையில் நடந்து போகும்போது இறந்த முதியவர்கள் பின்லாந்தில்தான் அதிகம். 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஓட்டுவதை நிறுத்தியவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்றார்கள். நிறுத்தவே கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நிறுத்தினால் அதன் பிறகு பல ஆண்டுகள் இருக்கின்றன. 2002இல் வெளியான அமெரிக்கக் கணக்கின்படி, 70 வயதைத் தாண்டிய ஆண் ஓட்டுநர்கள் ஓட்டுவதை விட்ட பிறகு ஆறேழு ஆண்டும், பெண்கள் பத்து ஆண்டும் வாழ்கிறார்கள். 'வேண்டும்போது போன் செய்யுங்கள், நான் வருகிறேன்' என்பது இரண்டு மாதத்துக்குத் தாங்கும். பத்து ஆண்டுக்குத் தாங்காது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவின் காரில் பின்னிருக்கையில் உட்காருங்கள். முன்னிருக்கை வேண்டாம், பக்கத்தில் இருந்தால் நீங்களே அறியாமல் அவருக்குக் கண்ணாகிவிடுவீர்கள். மூன்று பயணமாவது போங்கள். முதல் பயணத்தில் எல்லோரும் தேர்வெழுதுவதுபோல் ஓட்டுவார்கள். பின்னால் ஹாரன் அடிக்கிறார்களா, தடத்தின் நடுவில் போகிறாரா, பச்சை விழுந்த பிறகும் நிற்கிறாரா, பிரேக் கடைசி நொடியில் விழுகிறதா என்று பாருங்கள். வாய் திறக்காதீர்கள். வண்டியிலிருந்து இறங்கியதும் ஒரே ஒரு கேள்வி உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் பிள்ளையை இவரோடு தனியாக அனுப்புவீர்களா?

அவர் எப்படி உட்காருகிறார் என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றுப்பையே அடித்துவிடும். கண் ஸ்டியரிங்கின் மேல்விளிம்புக்குக் குறைந்தது 8 சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும். வயதானால் உயரம் குறைகிறது, இருக்கையை யாரும் உயர்த்துவதில்லை. பத்து நிமிட வேலை இது.

அடுத்து, பதினைந்து நாளுக்கு வண்டி எங்கெங்கே போகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். நாள், நேரம், எங்கே, எதற்காக. என்னிடம் வரும் குடும்பங்கள் இதைச் செய்துவிட்டு வரும்போது சண்டை பாதி அடங்கியிருக்கும். 'காரை விடமாட்டேன்' என்பது உண்மையில் பதினைந்து நாளில் பத்துப் பயணம் என்று தெரியவரும். வங்கிக்குப் போகும் இரண்டை வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். மருத்துவமனைக்குப் போவதைப் பகல் பதினொரு மணிக்கு மாற்றிக்கொள்ளலாம். நெஞ்சுவலி வந்த இரவில் ஓட்டிப் போவதற்குப் பதில் ஊரிலேயே ஒரு வாடகை வண்டிக்காரரிடம் மாதம் ஒரு தொகை பேசிவைக்கலாம். நண்பர்களைப் பார்க்கப் போகும் மூன்று பயணங்கள் மட்டும் அவருடையவை. அவற்றை மட்டும் யாரும் தொட வேண்டாம். பகலில், தெரிந்த சாலையில், மழையில்லாத நாளில் அவரே ஓட்டட்டும்.

முடிந்தால் ஓட்டுநர் மதிப்பீட்டில் பயிற்சி பெற்ற செயல்முறைச் சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளைச் செய்யும் திறனை மதிப்பிட்டுப் பயிற்சி தருபவர்) ஒருவரோடு சாலையிலேயே ஒரு சோதனை. அப்பா பழகிய ஊர்ச் சாலையில்தான் அது நடக்க வேண்டும். நகரத்தில் சோதித்தால் தோற்றுவிட்டு வந்து 'நான்தான் சொன்னேனே' என்பார், அவர் சொல்வதும் நியாயமாக இருக்கும். தீர்ப்பை அந்த நிபுணர் சொல்லட்டும். இல்லையென்றால் பழியை என்மேல் போடுங்கள். 'டாக்டர் சொல்லிவிட்டார்' என்பது பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள் என்பதைவிட அப்பாக்களுக்கு விழுங்க எளிது.

இவ்வளவு விட்டுக்கொடுத்துப் பேசுகிற நான் சில விஷயங்களில் ஒரு நாள்கூடத் தவணை கொடுக்கமாட்டேன். பழகிய சாலையில் வழி தெரியாமல் சுற்றிவிட்டு வந்தால், பெடல் மாறி மிதித்தால், ஓட்டும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தால், இடித்ததே தெரியாமல் வீடு வந்து சேர்ந்தால், அன்றே வண்டி நிற்க வேண்டும், மறுநாளே மருத்துவர். மறதி நோய் என்று தெரியவந்தால் ஆரம்ப நிலையில் சிலரால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்ட முடியும். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும், முற்றும்போது விட்டே ஆக வேண்டும். தூணில் இடித்தது அப்பாவுக்கு அப்போதே தெரிந்ததா, மறுநாள் யாரோ காட்டித் தெரிந்ததா? விசாரியுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் அப்பா என்ன சொன்னார் என்பது இருக்கிறது, அண்ணன் சொன்னது இருக்கிறது, உங்கள் பயம் இருக்கிறது. அந்தக் காரில் வாரந்தோறும் முன்னிருக்கையில் உட்காருபவர் அம்மா. ரேடியோ அணைந்ததைக் கவனித்தவரும் அவர்தான். திருப்பத்தில் 'வண்டி வருகிறது, இருங்கள்' என்று அவர் சொல்லித்தான் வண்டி நிற்கிறதா, இல்லை சும்மா பேசிக்கொண்டு வருகிறாரா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவரிடம் கேளுங்கள். கேட்கும்போது அப்பா பக்கத்து அறையில்கூட இருக்க வேண்டாம்.